தேனீ புராஜெக்டுக்கு நூலகத்தில் எங்கே தேடுவது?

கேள்வியின் சுருக்கம்: நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. புராஜெக்ட் தலைப்பு ‘தேனீக்கள்’. பன்னிரண்டு ஆதாரமாவது வேண்டும், அதில் பாதி நூலகத்திலிருந்து வர வேண்டும், கூகுளின் முதல் பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டுவரக் கூடாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். கல்லூரி நூலகக் கணினியில் ‘தேனீ’ என்று போட்டால் வருவது இரண்டே புத்தகம், இரண்டும் பழசு. கையில் இருப்பது ஆறு வாரம். எங்கே ஆரம்பிப்பது?

கல்லூரி நூலகத்தில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இரண்டே புத்தகம் என்றால் நூலகத்தில் சரக்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் கூப்பிட்ட பெயருக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தேனீ நூலகத்தில் நாலைந்து பெயரில், நாலைந்து ரேக்கில் குடியிருக்கிறது. அந்தப் பெயர்கள் தெரிந்தால் பன்னிரண்டு என்ன, நாற்பது கிடைக்கும். அப்புறம் எதை விடுவது என்பதுதான் கஷ்டமாக இருக்கும்.

அதற்கு முன்னால் தலைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். ‘தேனீக்கள்’ என்பது தலைப்பு இல்லை, ஒரு துறை. அதை வைத்துக்கொண்டு தேடினால் ராணி, ஆண், பணித்தேனீ, நடனம், தேனின் மருத்துவ குணம் என்று பத்தாம் வகுப்புக் கட்டுரையில்தான் போய் முடியும். ஒரு கேள்வியாக அதைச் சுருக்குங்கள். நீங்கள் இருப்பது குமரி மாவட்டம். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்து மாணவிக்கும் வாய்க்காத கேள்வி உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும்போது எதற்காக ஐரோப்பியத் தேனீயைப் பற்றி எழுத வேண்டும்?

உதாரணத்துக்கு ரப்பர் தேனையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ரப்பர் பூவிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரப்பர் இலை ஒன்றைப் பறித்துப் பாருங்கள். ஒரு காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள். அவை சேரும் இடத்தில் சின்னச் சின்னதாய்ச் சுரப்பிகள் தெரியும். இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் மாதங்களில் அந்தச் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீ எடுப்பது அதைத்தான். பூவுக்கு வெளியே சுரக்கும் தேன் என்பதால் ‘எக்ஸ்ட்ராஃபுளோரல் நெக்டார்’ என்பார்கள். ரப்பர் சீசனில் பெட்டியைத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நம்பியிருப்பது பூவை அல்ல, தளிரை.

இங்கே கேள்வி தானாகவே பிறக்கிறது. தேன் இலையிலிருந்து கிடைத்துவிடுகிறது, சரி. புழுவுக்குப் புரதம் மகரந்தத்திலிருந்துதானே வர வேண்டும்? சுற்றிலும் ரப்பர் மட்டுமே இருக்கும் தோட்டத்தில் தேனீ மகரந்தத்துக்கு எங்கே போகிறது? ‘ரப்பர் தோட்டங்களில் வைக்கப்படும் இந்தியத் தேனீக் கூடுகளின் மகரந்த ஆதாரங்கள்’ என்று வைத்துப் பாருங்கள். உங்கள் வழிகாட்டி நிமிர்ந்து உட்காருவார். கீழே சொல்வதையெல்லாம் இந்தக் கேள்வியை வைத்தே சொல்கிறேன். நீங்கள் வேறு கேள்வி எடுத்துக்கொண்டாலும் வழி இதேதான்.

இனி ரேக்குக்குப் போவோம். உங்கள் கல்லூரியில் டூயி பகுப்புமுறை (புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் முறை) இருந்தால் முதலில் 638.1 என்ற எண்ணில் போய் நில்லுங்கள். அது தேனீ வளர்ப்பு. பக்கத்திலேயே 638.2 பட்டுப்புழு, கலந்து கிடக்கும், பார்த்து எடுங்கள். மாணவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விலங்கியல் மாணவிக்கு வேண்டியதில் பாதி 595.799 என்ற எண்ணில், வேறு ரேக்கில், சில நூலகங்களில் வேறு மாடியிலேயே இருக்கும். தேனீயை வளர்ப்பது வேளாண்மை, தேனீயே விலங்கியல் என்பது பகுப்புமுறையின் கணக்கு. அது போக, தேனீயின் நடத்தை பற்றி எழுதிய புத்தகம் 591.5இல் விலங்கு நடத்தையோடு இருக்கும். பூச்சிக்கொல்லியால் தேனீ சாவது 632.95 பக்கம். தேனை உணவாகப் பார்ப்பது 641.38. நான் வேலையில் இருந்தபோது ஒரு பையன் மூன்று நாள் 638ஐயே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ‘சார், தேனீ நடனத்தைப் பற்றி நம்ம லைப்ரரியில ஒண்ணுமே இல்ல’ என்றான். நாலு ரேக் தள்ளி 591.5இல் இரண்டு புத்தகம் தூசியோடு உட்கார்ந்திருந்தன.

டூயி எல்லா இடத்திலும் இருக்காது. பழைய நூலகங்கள் சிலவற்றில் ரங்கநாதனின் கோலன் பகுப்புமுறைதான். அங்கே விலங்கியல் ‘கே’ என்ற எழுத்திலும் வேளாண்மை ‘ஜே’யிலும் தொடங்கும். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனவர் ரங்கநாதன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் நாலாவது. அந்த விதியை நம்பிக் கவுண்டரில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ‘தேனீ புக் இருக்கா?’ என்று கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல பாரும்மா’ என்ற பதில்தான் வரும். ‘ரப்பர் தோட்டத்தில் தேனீ மகரந்தத்துக்கு எங்கே போகிறது என்று தேடுகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் எழுந்து வருவார். எங்கள் தொழிலில் நல்ல கேள்வி வருவது அபூர்வம், வந்தால் விடமாட்டோம்.

அடுத்து, புத்தகத்துக்குள்ளேயும் கணினியிலும் தேட வேண்டிய பெயர்கள். பெரும்பாலான மாணவர்கள் கோட்டை விடும் இடம் இது. நம்மூர்ப் பெட்டித் தேனீயின் அறிவியல் பெயர் ஏபிஸ் செரானா, தென்னிந்திய வகை என்றால் ஏபிஸ் செரானா இண்டிகா. இதைப் போட்டுத் தேடினால் சமீபத்திய ஆராய்ச்சிகள் வரும். ஆனால் பழைய ஆசிரியர்கள் இதே தேனீயை ஏபிஸ் இண்டிகா என்றுதான் எழுதினார்கள். ‘செரானா’ என்று மட்டும் தேடினால் அந்தக் காலத்துக் கட்டுரைகள் மொத்தமும் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். இரண்டையும் தனித்தனியே போட்டுத் தேடுங்கள். கொசுத்தேனீ என்றும் கொட்டாத் தேனீ என்றும் சொல்கிறோமே, அதற்கும் இந்தச் சிக்கல் உண்டு. பழைய கட்டுரைகளில் டிரைகோனா இரிடிபென்னிஸ், புதியவற்றில் டெட்ரகோனுலா இரிடிபென்னிஸ். இரண்டாவது பாதி மாறவில்லை என்பதால் ‘இரிடிபென்னிஸ்’ என்று மட்டும் போட்டால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். சின்னத் தந்திரம்தான், ஆனால் ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்கும்.

தேனீயின் மேல் ஒட்டி வாழும் வரோவா உண்ணியின் பெயர்க் கதை இன்னும் வேடிக்கை. 1904இல் ஜாவாத் தீவின் தேனீயில் கண்டு ‘வரோவா ஜேகப்சோனி’ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் இத்தாலியத் தேனீயை உலகம் முழுக்க அழித்த உண்ணியையும் அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள். 2000இல் ஆண்டர்சனும் ட்ரூமனும் இது வேறு இனம் என்று காட்டி ‘வரோவா டெஸ்ட்ரக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். ஆகவே 1990களில் வந்த கட்டுரையில் ‘ஜேகப்சோனி’ என்று இருந்தால் அது உண்மையில் எந்த உண்ணி என்று யோசித்துத்தான் எடுத்தெழுத வேண்டும். உங்கள் கேள்விக்கு உண்ணி தேவைப்படாமல் போகலாம். ஆனால் வைவாவில் ஒரு தேர்வாளர் இதைக் கேட்டு ஒரு பையன் முழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

தாவரத்துக்கும் அறிவியல் பெயர் போட்டே தேடுங்கள். ரப்பர் என்று தேடினால் டயர் வரும். ‘ஹெவியா’ என்று போடுங்கள், மரம் வரும். அதோடு ‘எக்ஸ்ட்ராஃபுளோரல்’, ‘ஏபிஸ்’ இரண்டையும் சேர்த்துப் போட்டால் முதல் பக்கத்திலேயே வேண்டியது கண்ணில் படத் தொடங்கும். தேனில் கலந்திருக்கும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் செடியை அடையாளம் காணும் துறைக்குத் தனிப் பெயர் உண்டு, மெலிசோபாலினாலஜி. வாய்க்குள் நுழையாது, ஆனால் தேடல் பெட்டியில் அதைவிடக் கூர்மையான சொல் உங்களுக்குக் கிடைக்காது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பொருளடைவிலும் இந்தச் சொற்களையே பாருங்கள். ‘பீ’ என்ற இடத்தில் நூறு பக்க எண் இருக்கும், ‘செரானா’ என்ற இடத்தில் ஆறு இருக்கும். உங்களுக்கு அந்த ஆறு போதும்.

உங்கள் நூலகத்தில் இருக்கும் இரண்டு பழைய புத்தகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழசு என்று தூக்கிப் போடாதீர்கள், அட்டையைத் திருப்பி வெளியான வருடத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்புக்கு 1991–92 ஒரு கோடு. அந்த வருடங்களில்தான் தாய் (தாய்லாந்து) சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து இந்தியத் தேனீக் கூடுகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போனது. புழு உறைபோல வீங்கி நீர் கோத்துச் செத்துப் போகும். குமரியில் பெட்டி வைத்திருந்த வயதானவர் யாரைக் கேட்டாலும் அந்த வருடத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். உங்கள் புத்தகம் 1985இல் வந்தது என்றால், அதில் உள்ள கூட்டின் உடலியல் இன்றைக்கும் செல்லும், மாவட்டத்தில் எத்தனை பெட்டி, எவ்வளவு தேன் என்ற கணக்கு செல்லாது. அதை ‘நோய்க்கு முந்தைய நிலை’ என்று தேதியோடு எடுத்தெழுதினால் பழைய புத்தகமே உங்கள் புராஜெக்டின் பலமாகிவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் தேனீ பற்றிய புத்தகங்களில் பத்தில் ஒன்பது ஏபிஸ் மெல்லிஃபெரா பற்றியது. நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் மேற்கத்திய இனம். அந்தப் புத்தகங்கள் ‘ஹனி பீ’ என்று எழுதும்போது அதை மட்டும்தான் நினைத்து எழுதும், இனத்தின் பெயரைக்கூடச் சொல்லாது. முட்டையிலிருந்து பணித்தேனீ வெளிவர 21 நாள் என்று அதில் இருக்கும். நம்ம தேனீக்கு அதைவிடக் குறைவு. கூட்டின் அளவு, அடையின் அறை அளவு, உண்ணியை எதிர்கொள்ளும் விதம் எல்லாமே வேறு. மார்த்தாண்டத்துப் பெட்டியைப் பற்றி எழுதிக்கொண்டே அமெரிக்கப் பெட்டியின் எண்களைப் போட்டுவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் தவறு. இதற்கு மருந்தாக ஒரு புத்தகம் சொல்கிறேன்: ஓல்ட்ராய்டும் வோங்சிரியும் சேர்ந்து எழுதி 2006இல் ஹார்வர்டு வெளியிட்ட ‘ஏஷியன் ஹனி பீஸ்’. ஆசியத் தேனீக்களுக்கென்றே எழுதியது. உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உங்கள் கல்லூரி இருந்தால் வழி உண்டு. பழைய பூச்சி வகைப்பாடு பார்க்க வேண்டுமானால் பிங்ஹாம் எழுதி 1897இல் வந்த ‘ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ வரிசையின் ஹைமெனாப்டெரா (தேனீ, குளவி, எறும்பு வகைப் பூச்சிகள்) முதல் தொகுதி. காப்புரிமை முடிந்துவிட்டதால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பிரிட்டிஷ்காரன் புத்தகம் நமக்கு எதற்கு என்பீர்கள். ஒரு தேனீயின் முதல் விவரிப்புக்குப் போய்ச் சேர வேறு குறுக்கு வழி கிடையாது.

ஆய்விதழ்கள் பக்கம் வருவோம். ‘அபிடாலஜி’, 1962இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் அபிகல்ச்சுரல் ரிசர்ச்’, 1919 முதல் வரும் ‘பீ வேர்ல்டு’ இவை உலக அளவில். நம் பக்கம் ‘இண்டியன் பீ ஜர்னல்’, கோவையிலிருந்து வரும் ‘மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்’. இதில் கடைசியைத்தான் முதலில் பார்ப்பேன். நூறு வருடத்தைத் தாண்டிய இதழ். தென்னிந்தியத் தேனீ பற்றி அந்தந்தக் காலத்தில் கோவை வேளாண் கல்லூரிக்காரர்கள் எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது.

காசு கட்டித்தான் படிக்க முடியும் என்று ஒரு பக்கம் வந்து நின்றால் உடனே பின்வாங்காதீர்கள். நீங்கள் அரசுக் கல்லூரி மாணவி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் உங்களுக்குத் திறந்திருக்கும். கல்லூரி அதில் பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டம் இருக்க வேண்டும். கடவுச்சொல் நூலகரிடம்தான் கிடைக்கும், மாணவர்கள் கேட்காததால் மேசை டிராயரிலேயே தூங்கும். இரண்டும் இல்லையா? கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்புக்கு வலப்பக்கம் பிடிஎஃப் என்று இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கட்டுரையில் போட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு நாலு வரி எழுதுங்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தங்கள் கட்டுரையை ஒரு மாணவி கேட்கிறாள் என்பதைவிடச் சந்தோஷம் எதுவும் கிடையாது, அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவையும் தாண்டி, நான் மாணவர்களுக்குக் காட்டும் உண்மையான புதையல் தீசிஸ்தான். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள், கிருஷிகோஷில் வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள். இரண்டும் இலவசம். ஒரு நல்ல ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயம் முன்னாய்வுகளைப் பற்றியதாக இருக்கும். உங்களுக்கு முன்னால் ஒருவர் மூன்று வருடம் உட்கார்ந்து தேடியது மொத்தமும் முப்பது பக்கத்தில் அங்கே கிடக்கிறது. அதை அப்படியே பெயர்த்து எழுதிவிடாதீர்கள். அதில் சொல்லியிருக்கும் கட்டுரைகளுக்குப் போய் நீங்களே படியுங்கள். அந்தக் கட்டுரைகள் கை காட்டும் பழைய கட்டுரைகளுக்குப் போங்கள். அப்புறம் திசையைத் திருப்புங்கள். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளின் எண்ணிக்கை இருக்கும், அதைச் சொடுக்கினால் இன்றுவரை வந்துவிடலாம். பின்னால் பாதி, முன்னால் பாதி என்று நடந்தால் ஒரே ஒரு நல்ல கட்டுரையிலிருந்து பன்னிரண்டு ஆதாரத்தையும் எடுத்துவிடலாம்.

உங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம். மாநில எல்லை மாறியதை நினைவில் வையுங்கள். 1956 நவம்பர் 1 வரை உங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. அதனால் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு வேர் பிடித்த காலத்து அரசு ஆவணங்களைச் சென்னையில் தேடினால் கிடைக்காது. மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் கீழ் 1920களில் வேலையைத் தொடங்கியது. ஏழை விவசாயிகளுக்குக் கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் 1930களில் எழுதிய புத்தகங்கள் உண்டு. அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகளைத் திருவனந்தபுரத்தில் தேடுங்கள். 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் அங்கே இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் போய் மாலை திரும்பிவிடலாம். சென்னை கன்னிமாராவுக்கு ஒரு இரவுப் பயணம் போவதைவிட உங்களுக்கு இது லாபம். கன்னிமாரா இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் ஒன்றுதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அங்கே போக வேண்டிய அவசியமில்லை. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளாயணி வேளாண் கல்லூரி. அகில இந்தியத் தேனீ ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் ஒன்று. ரப்பருக்கு இன்னும் கொஞ்சம் வடக்கே, கோட்டயத்தில் 1955இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம். தேனீ புராஜெக்டுக்கு ரப்பர் நூலகத்தைத் தேடிப் போவது யாருக்கும் தோன்றாது.

தமிழில் என்ன இருக்கிறது? அறிமுகத்துக்குப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த ‘கலைக்களஞ்சியம்’, பத்துத் தொகுதி, மாவட்ட மைய நூலகத்தில் ரெஃபரன்ஸ் பகுதியில் இருக்கும். கலைச்சொற்களுக்காகவே அதைப் புரட்டலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய வேளாண் வெளியீடுகளைத் தேடிப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ என்று ஐந்தையும் தமிழிலேயே விளக்கியிருக்கிறார்கள். பெயர்களைச் சீராகப் பயன்படுத்த அது உதவும், ஆதாரமாக ஒரு தடவை சொன்னால் போதும். முன்னுரையில் சங்க இலக்கியத்தைத் தொட ஆசைப்பட்டால் அங்கேயும் பெயர்தான் பிரச்சினை. ‘தேனீ’ என்று தேடினால் ஏமாற்றம்தான். பிரசம், சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று தேட வேண்டும். தேனடைக்கு ‘இறால்’. கடல் இறாலோடு குழப்பிக்கொண்டு ஒரு பையன் மீன் புராஜெக்டுக்குப் போய்விட்டான் என்று எங்கள் துறையில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு.

இப்போது ஒரு எண்ணை எடுத்து ஆதாரம் வரை நடந்து காட்டுகிறேன். ‘நாம் சாப்பிடும் மூன்று கவளத்தில் ஒன்று தேனீயால் வருகிறது.’ இதைப் படிக்காத ஆளே இருக்க முடியாது. எங்கிருந்து வந்தது? கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பெரும்பாலும் 2007இல் க்ளைனும் அவர் குழுவினரும் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையில் போய் நிற்கும். அதில் என்ன இருக்கிறது? உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களைப் பார்த்தார்கள். 87 பயிர்களுக்கு விலங்குகளின் மகரந்தச் சேர்க்கை ஏதோ ஒரு அளவில் உதவுகிறது. உலக உற்பத்தி எடையில் 35 சதவீதம் அந்தப் பயிர்களிலிருந்து வருகிறது. 60 சதவீதம் அது தேவையே இல்லாத பயிர்களிலிருந்து வருகிறது. நெல், கோதுமை எல்லாம் காற்றிலும் தன்னாலும் காய்ப்பவை.

இப்போது வித்தியாசத்தைக் கவனியுங்கள். ‘ஏதோ ஒரு அளவில்’ என்றால், தேனீ போய்விட்டால் அந்த 35ம் போய்விடும் என்று அர்த்தமில்லை. பல பயிரில் விளைச்சல் குறையும், சிலவற்றில்தான் அடியோடு நிற்கும். ‘விலங்குகள்’ என்றால் தேனீ மட்டுமில்லை, வண்டு, ஈ, வௌவால், பறவை எல்லாம் சேர்த்தி. மூன்றாவது, அது கவளக் கணக்கு இல்லை, எடைக் கணக்கு. கட்டுரையிலிருந்து விளம்பரத் தட்டிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் வழுக்கியிருக்கிறது. உங்கள் முன்னுரையில் மூலக் கட்டுரையைப் படித்து இந்த எண்ணைச் சரியாக எழுதினால், அந்த ஒரு பத்தியே நீங்கள் நூலகத்தில் வேலை செய்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடும்.

தேனீ அழிந்தால் நாலு வருடத்தில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னார் என்பதையும் தயவுசெய்து அட்டையில் போடாதீர்கள். வருடத்துக்கு ஒரு புராஜெக்டாவது அதோடு வரும். 1955இல் இறந்துபோன மனிதர் எழுதியதில் எங்குமே அது கிடைக்கவில்லை. சாட் செயலிகளிடம் ஆதாரப் பட்டியல் கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். போன வருடம் ஒரு மாணவன் ஐந்து கட்டுரை கொண்டுவந்தான், ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதம். மூன்று கிடைத்தது, இரண்டு உலகத்திலேயே இல்லை. நீங்கள் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

பெட்டி வைத்திருப்பவரும் ஒரு ஆதாரம்தான், நூலகத்தில் பாதி என்றுதானே உங்கள் வழிகாட்டி சொன்னார். ஆனால் படித்துவிட்டுப் போங்கள். ‘தேனீ எப்படி வளர்க்கிறீங்க அண்ணாச்சி?’ என்று கேட்டால் எல்லாருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொல்வார். ‘ரப்பர் தளிர்க்கிற மாசத்துல தேன் நிறைய இருக்கு, ஆனா புழு வளர்ப்பு எப்படி இருக்கும்? காலில் பூம்பொடி என்ன நிறத்துல கொண்டு வருது?’ என்று கேட்டுப் பாருங்கள். தென்னையா, தொட்டாச்சிணுங்கியா, வேறு எதுவா என்று அவர் நிறத்தை வைத்தே சொல்லக்கூடும். அதை எழுதிக்கொண்டு வந்து, புத்தகத்தோடும் நுண்ணோக்கியோடும் ஒத்துப் பாருங்கள். எது எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை வருட அனுபவம் என்று குறித்துக்கொள்ளுங்கள். செடி பெயரில் சந்தேகம் வந்தால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது.

குறிப்பு எடுப்பது பற்றி ஒரே ஒரு சொல். புத்தகத்தை எடுத்ததும் முதல் வேலையாகத் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். பதிப்பு, வருடம், பதிப்பகம் எல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம்தான் உள்பக்கம். எடுத்தெழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே பக்க எண். கடைசி வாரத்தில் ‘இந்த வரி எந்தப் புத்தகம்?’ என்று திரும்ப வந்து தேடியவர்கள் எத்தனை பேரென்று எனக்குக் கணக்கே கிடையாது. அந்தப் புத்தகம் எப்போதும் வேறு யாரோ எடுத்துப் போயிருப்பார்கள்.

ஆறு வாரத்தில் முதல் வாரம் கேள்விக்கும் பெயர்களுக்கும், இரண்டாவது வாரம் உங்கள் கல்லூரி ரேக்குக்கும் ஷோத்கங்காவுக்கும் போதும். வெள்ளாயணிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவதாக இருந்தால் மூன்றாவது வாரத்துக்குள் போய்விடுங்கள். முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். துறைத்தலைவரின் கையெழுத்தோடு போனஃபைட் கடிதம், அடையாள அட்டை இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ஜெராக்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டிய தலைப்புகளை அவர்கள் ஆன்லைன் பட்டியலில் முதலிலேயே பார்த்து அழைப்பு எண்ணோடு (புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்) ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வேலை முடிந்து பழைய நிர்வாக அறிக்கைகளைப் புரட்ட ஒரு முழு மதியம் கிடைக்கும்.